எல்லா வலியும் ஒருத்தி பேரில்

அவளுக்கு மைக்செட் என்று பெயர் வைத்தது யார் என்பது யாருக்கும் நினைவில்லை. பெயர் பொருத்தம் என்பதில் மட்டும் இரண்டு கருத்து கிடையாது. சலவைத் தொழிற்சாலையில் அத்தனை இயந்திரங்களும் ஒரே நேரத்தில் ஓடட்டும், ஆவி சீறட்டும், தள்ளுவண்டிகள் கடகடக்கட்டும். மூலையில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து அவள் சொல்லும் கதை மறுகோடியில் நிற்பவள் காதில் தெளிவாக விழும். அப்பேர்ப்பட்டவள் ஒரு வாரமாக வாயைத் திறக்கவில்லை. தொண்டை கட்டிக்கொண்டதா என்று கேட்டவர்களிடம் ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு, கிழிந்த விரிப்புகளைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

தொண்டையில் கோளாறு ஒன்றும் இல்லை. பயம்தான். அவளுடைய நாத்தனார், அதாவது அவள் அண்ணி என்று கூப்பிடும் கணவனின் அக்கா, அதே தொழிற்சாலையில் விரிப்பு மடிப்பவள், ரத்தமாக வாந்தி எடுத்து, பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்து, இப்போதுதான் பிழைத்து வீடு வந்திருந்தாள். வலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கியதில் வயிற்றில் இருந்த புண் பெரிதாகிவிட்டது என்றார்கள் அங்கே. மாத்திரையை எழுதியவர் தெருக்கோடி கிளினிக்கின் டாக்டரம்மா. வாங்கி வந்து நாத்தனார் கையில் கொடுத்தவள் மைக்செட். முதல் விஷயம் அக்கம்பக்கம் எல்லாருக்கும் தெரியும். இரண்டாவது விஷயம் அவள் கணவனுக்குத் தெரியாது. அவன்தான் டாக்டரம்மாவின் கிளினிக்கை இழுத்து மூடாமல் விடமாட்டேன் என்று வரிந்துகட்டிக்கொண்டு நின்றான்.

அவனைக் குறை சொல்லவும் முடியாது. எலக்ட்ரீஷியன், எதையும் நேரே போய்த் தொட்டுப் பார்க்கிற ஆள். கிளினிக்குக்கே போய் டாக்டரம்மாவைக் கேட்டான்.

"எங்க அக்காவுக்கு என்ன பாத்து இந்த மாத்திரை எழுதினீங்க?"

"உங்க அக்காவை நான் பாத்ததே இல்லை" என்றார் டாக்டரம்மா.

"அப்ப இந்த மாத்திரை?"

"நான் எழுதினதுதான். யாருக்கு எழுதினேன்னு சொல்லமாட்டேன். அது என் கிட்ட வந்தவங்க விஷயம்."

இதைவிட ஒரு மனிதனுக்குக் கோபம் வர வேறென்ன வேண்டும்? ஆளைப் பார்க்காமலே மருந்து எழுதுகிற டாக்டர் என்று அன்றைக்கே குடியிருப்போர் சங்கத்தில் புகார் கொடுத்தான். சங்கம் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டது. கூட்டத்தில் சம்மதம் கிடைத்தால் புகார் மேலே போகும். டாக்டரம்மாவின் உரிமம் பறிபோகும். சுற்றுவட்டாரத்தில் இருக்கும் ஒரே கிளினிக் அதுதான்.

இந்த வம்புக்கெல்லாம் மூலம் மடிப்பு வேலை. ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வரும் விரிப்புகளைத் துவைத்து, பிழிந்து, சூடான உருளைக்குள் விட்டால் மறுபக்கம் இஸ்திரி போட்டதுபோல் வந்துகொண்டே இருக்கும். இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து மடிக்க வேண்டும். தனியாக மடித்தால் விரிப்பு தரையில் புரளும். புரண்டால் மறுபடி துவைக்கப் போக வேண்டும். ஆகவே அங்கே ஒவ்வொருத்திக்கும் ஒரு ஜோடி உண்டு. ஒருத்தி டாக்டரைப் பார்க்கப் போனால் அவள் ஜோடி கையைப் பிசைந்துகொண்டு நிற்பாள், உருளை நிற்காது. வேலை முடிந்து போகலாம் என்றால் அதற்குள் கிளினிக் மூடிவிடும். ஞாயிற்றுக்கிழமை இவர்களுக்கும் லீவு, டாக்டரம்மாவுக்கும் லீவு.

உடம்பு சரியில்லை என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுப் போகலாமே என்று கேட்பவர்களுக்கு அந்த மனிதரைத் தெரியாது. அவர் திட்டமாட்டார், கத்தமாட்டார். "அப்படியாம்மா? நல்லா ஓய்வெடுங்க" என்பார். அவ்வளவுதான். மறுநாள் அந்த இடத்தில் வேறொருத்தி விரிப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஓய்வு என்ற சொல்லைக் கேட்டாலே அங்கே எல்லாரும் அவசரமாக ஒரு விரிப்பைத் தேடிப் பிடித்துக்கொள்வார்கள்.

ஜோடி இல்லாத ஒரே ஆள் கிழிசல் தைக்கும் மைக்செட். நூல் வாங்கிவரப் போகிறேன் என்று வாரத்துக்கு ஒருமுறை வெளியே போகலாம். முதலில், டாக்டரம்மா ஏற்கெனவே பார்த்திருந்த ஒருத்திக்குத் தீர்ந்துபோன பிரஷர் மாத்திரையை எழுதி வாங்கத்தான் போனாள். அடுத்த வாரம் இன்னொருத்திக்கு மூட்டுவலி. அதற்கடுத்து, டாக்டரம்மா கண்ணாலும் கண்டிராத ஒருத்திக்குத் தலைச்சுற்றல். கொஞ்சம் கொஞ்சமாகத் தொழிற்சாலையின் மொத்த வலியையும் மூட்டைகட்டி எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தாள்.

போனால் சும்மா சொல்லிவிட்டு வருவாளா? எழுந்து நின்று நடித்தே காட்டுவாள். உருளைக்காரி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எப்படி நடக்கிறாள், வண்டி தள்ளுகிறவள் மாடிப்படியில் எந்தப் படியில் நின்று மூச்சு வாங்குகிறாள், எல்லாம் அச்சு அசல். டாக்டரம்மா கோபக்காரர். "நான் வைத்தியம் பாக்கறேனா, நாடகம் பாக்கறேனா? அவளை நேர்ல கூட்டிட்டு வா. அடுத்த தடவை எழுதமாட்டேன்" என்று ஒவ்வொரு முறையும் சத்தம் போடுவார். சத்தம் போட்டபடியே எழுதுவார். எல்லாவற்றையும் மைக்செட்டின் பேரிலேயே எழுதினார், எதிரே உட்கார்ந்திருந்தவள் அவள்தானே.

நாத்தனாருக்குத் தோள்வலி. வலது கை தலைக்குமேல் போகாது. அதையும் மைக்செட் நடித்துக் காட்டினாள். "வயித்துல எரிச்சல், புளிச்ச ஏப்பம், ஏதாவது உண்டா?" என்று டாக்டரம்மா கேட்டார். கேட்காமல் இல்லை. "எங்க அண்ணிக்கா? கல்லைத் தின்னாலும் செரிக்கும்" என்று சிரித்தாள் மைக்செட். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அந்தச் சிரிப்பைத்தான் ஒரு வாரமாக அவளால் மறக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூடம் நிரம்பி வழிந்தது. பிளாஸ்டிக் நாற்காலி கிடைக்காதவர்கள் சுவரோரம் நின்றார்கள். சலவைக்காரிகள் வழக்கம்போல ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருந்தார்கள், கூட்டத்திலும் அந்தப் பழக்கம் போகவில்லை. மேடையில் தலைவர், பக்கத்தில் செயலாளர். செயலாளர் வேறு யாருமல்ல, ஓய்வெடுங்க புகழ் சூப்பர்வைசரேதான். டாக்டரம்மா முன்வரிசையில் தனியாக, பரீட்சைக்கு வந்த பிள்ளைபோல் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கமும் நாற்காலி காலி. நிற்கிறவர்கள்கூட அங்கே போய் உட்காரவில்லை.

மைக்செட் கடைசி வரிசையில் நாத்தனாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாத்தனார் சால்வையைப் போர்த்திக்கொண்டு, முகம் வெளிறிப்போய் இருந்தாள். மாத்திரை யார் மூலம் வந்தது என்று தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை அவள். தம்பி குடும்பத்தில் சண்டை வரக்கூடாது என்ற நினைப்பு. மைக்செட்டிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டு, இரண்டு பேரும் அந்த விஷயத்தைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்கள்.

கணவன் எழுந்து பேசினான். அக்கா ரத்தம் ரத்தமாக எடுத்ததைச் சொன்னான். கூடம் உச்சுக்கொட்டியது.

"டாக்டரம்மா எங்க வீட்டுப் பிரசவத்துக்கு நடு மழையில நடந்து வந்தாங்க. அதை மறக்க முடியுமா?" என்றார் பேக்கரிக்காரர்.

"வந்தாங்க, சரி. அதுக்காக ஆளைப் பாக்காம மருந்து எழுதலாமா? என் வண்டியைப் பாக்காம மெக்கானிக் என்ஜினைக் கழட்டினா நான் விடுவேனா?" என்றார் ஆட்டோக்காரர்.

"ஆளும் என்ஜினும் ஒண்ணா?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்!"

தலைவர் மேசையைத் தட்டினார். மருந்துக்கடைக்காரரைப் பார்த்து, "நீங்கதான் மாத்திரை குடுக்கறவர். ஏதாவது தப்பாப் பட்டுதா?" என்று கேட்டார்.

மருந்துக்கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "பட்டுது. ஒரே ஒரு அம்மா பேருக்கு பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை, மூட்டுவலி, தோள்வலி, தலைச்சுத்தல், சளி, ரத்தசோகை, எல்லாம் வரும். நானும் குடுத்துட்டுதான் இருந்தேன்."

"அத்தனையும் ஒருத்திக்கா?" தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்த அம்மா உசுரோட இருக்காங்களா?"

"போன மாசம்கூட வந்து என்கிட்ட அரை மணி நேரம் பேசிட்டுப் போனாங்க."

கூடம் சிரித்தது. சலவைக்காரிகள் மட்டும் சிரிக்கவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் தங்கள் செருப்பை உற்றுப் பார்த்தார்கள்.

"பேரைச் சொல்லுங்க" என்றான் கணவன்.

"அது தொழில் தர்மம் இல்லை" என்று மருந்துக்கடைக்காரர் மின்விசிறியைப் பார்த்தார்.

"டாக்டரம்மா, நீங்களாவது சொல்லுங்க."

"சொல்லமாட்டேன். எழுதினது நான். கேக்கறதை என்னைக் கேளுங்க" என்றார் டாக்டரம்மா.

மைக்செட் ஒவ்வொருவராகப் பார்த்தாள். டாக்டரம்மா வாயைத் திறக்கவில்லை, அண்ணி திறக்கவில்லை, மருந்துக்கடைக்காரர்கூடத் திறக்கவில்லை. தன் ஒருத்திக்காக இத்தனை பேர் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வாய்க்குப் பேர்போன தானும் சும்மா இருந்தால் கிளினிக் போய்விடும். பேசினால் வீடு போய்விடுமோ? அது மட்டுமா? எந்த மாத்திரை யாருடையது என்று ஆரம்பித்தால் மேடையில் இருக்கும் மனிதர் காதிலல்லவா விழும். நாளைக்கு எத்தனை பேருக்கு ஓய்வு கிடைக்குமோ.

"அப்ப ஓட்டுக்கு விட்டுடலாமா? கையைத் தூக்குங்க" என்றார் தலைவர்.

கைகள் மேலே போக ஆரம்பித்தன. கணவனின் கை முதலில் போனது. அண்ணி கையைத் தூக்கவில்லை. தூக்க நினைத்தாலும் அந்தக் கை மேலே போகாது. அதைப் பார்த்ததும் மைக்செட் தன்னையறியாமல் எழுந்துவிட்டாள்.

"அந்த அம்மா நான்தான்."

கூடம் திரும்பியது. கணவன் தூக்கிய கையை இறக்க மறந்து நின்றான்.

"என் பேர்லதான் எல்லாம் எழுதினாங்க. எனக்கு பிரஷரும் இல்லை, சுகரும் இல்லை. எங்க ஆளுங்க யாரும் வரமுடியாது, அதனால நான் போவேன். என்ன பண்ணுதுன்னு சொல்லி வாங்கிட்டு வருவேன். அண்ணிக்கும் நான்தான் குடுத்தேன்." குரல் மறுகோடிவரை கேட்டது, அந்த வரத்தை அவளால் மறைக்க முடியாது. "டாக்டரம்மா வயித்தெரிச்சல் உண்டான்னு கேட்டாங்க. நான் இல்லைன்னு சொன்னேன். சொல்லி அனுப்பின வலியைக் கொண்டுபோய்ச் சேத்துடுவேன். சொல்லாத வலியை நான் எப்படிக் கொண்டுபோவேன்?"

கணவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் நாத்தனார் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"எரிச்சல் இருந்துச்சுடா, ரொம்ப நாளா. இவ கிட்ட சொல்லலை. சொன்னா அடுத்த நிமிஷம் உருளைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேக்கும், சூப்பர்வைசர் ஓய்வெடுங்கன்னு சொல்லிடுவாருன்னு பயந்தேன். இவ வாய்க்குப் பயந்து என் வயித்தைப் புண்ணாக்கிக்கிட்டேன். இவளைத் திட்டாதே."

சூப்பர்வைசர் நெளிந்தார். "அப்படியெல்லாம் நான்..." என்று ஆரம்பித்தார். யாருக்கு என்ன நோய் என்று தெரிந்துகொள்ள அவர் கண் வரிசை வரிசையாக ஓடியது.

அப்போதுதான் நடுவரிசையில் உருளைக்காரி எழுந்தாள். "மூட்டுவலி என்னோடது" என்றாள். அவள் எழுந்ததும் பக்கத்தில் இருந்த அவள் ஜோடியும் எழுந்தாள். ஒரு முனை மேலே போனால் மறுமுனையும் போக வேண்டும் என்பது அவர்கள் கைக்கும் காலுக்கும் ஊறிப்போன விஷயம். எழுந்தபிறகு சும்மா நிற்க முடியுமா? "சுகர் எனக்கு" என்றாள் ஜோடி. அடுத்த ஜோடி எழுந்தது. "பிரஷர்." "ரத்தசோகை." சளிக்காரி சொல்வதற்குள் இருமிவிட்டாள், அதுவே போதும் என்று விட்டார்கள். கடைசியில் சலவைக்காரிகளில் உட்கார்ந்திருந்தவர் ஒருவரும் இல்லை.

"செயலாளர் என்ன சொல்றீங்க? எல்லாருக்கும் ஓய்வு குடுத்துடலாமா?" என்று கேட்டார் பேக்கரிக்காரர். அவருக்குக் குசும்பு அதிகம்.

சூப்பர்வைசர் நின்றவர்களைப் பார்த்தார். நாளைக் காலை உருளையிலிருந்து விரிப்பு விரிப்பாக வந்து விழுவதையும், தான் ஒருவராக ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பதையும் நினைத்துப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. "ஓய்வுன்னு யார் சொன்னது?" என்றார் அவசரமாக. "வைத்தியம் பாத்துக்கட்டும். நான் என்ன வேணாம்னா சொன்னேன்?"

"சொல்லவே இல்லை. அதான் தொல்லை" என்றாள் நாத்தனார்.

டாக்டரம்மா எழுந்தார். கூடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"இவங்க யாரும் தப்பு பண்ணலை. இவங்களுக்கு வேற வழி இல்லை. எனக்கு இருந்துச்சு. நான் கிளினிக்கைப் பூட்டிட்டு நேரா தொழிற்சாலைக்கு நடந்து வந்திருக்கலாம். இந்தப் பொண்ணு அவ்வளவு நல்லா நடிச்சுக் காட்டினா, நேர்ல பாத்தமாதிரி நினைச்சுட்டேன். பாக்கலை. ஒருத்தங்க உசுரே போகப் பாத்துச்சு." அவர் எலக்ட்ரீஷியன் பக்கம் திரும்பினார். "புகாரை அனுப்புங்க. அனுப்பவேண்டியதுதான். ஆனா முழுசா எழுதி அனுப்புங்க."

கணவன் அப்போதுதான் கையை இறக்கினான். மனைவியைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். பிறகு நடந்துபோய், டாக்டரம்மாவுக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தான்.

"சரி, முழுசா எழுதலாம். எனக்கு இதெல்லாம் எழுத வராது. நீங்க சொல்லச் சொல்ல எழுதறேன்" என்றான்.

வீட்டுக்கு நடக்கும்போது அவன் மைக்செட்டிடம் கேட்டது ஒன்றுதான். "ஊருக்கெல்லாம் சொல்வே, என்கிட்ட சொல்லக்கூடாதா?" அவள் அழுதாள். அவன் திட்டியிருந்தால்கூட அவ்வளவு அழுதிருக்கமாட்டாள். அண்ணி நடுவில் நடந்துகொண்டு, "விடுடா, ஒரு வாரம் பேசாம இருந்ததே அவளுக்குப் பெரிய தண்டனை" என்றாள்.

புகார் போனது. விசாரணை வந்தது. பார்க்காதவர்களுக்கு இனி மருந்து எழுதக்கூடாது என்று டாக்டரம்மாவைக் கண்டித்தார்கள், கிளினிக்கை மூடவில்லை. அதற்கு முன்பே அவர் வாரம் ஒரு மதியம் தொழிற்சாலைக்கு வரத் தொடங்கிவிட்டார். மடித்த விரிப்புகள் அடுக்கிய அறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி. ஒரு ஜோடி உள்ளே போகும்போது உருளையை மெதுவாக ஓடவிட வேண்டும் என்று சூப்பர்வைசரே உத்தரவு போட்டார். தன்னுடைய யோசனை என்றும் சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொள்ளட்டும்.

முதல் மதியம் எல்லா ஜோடியும் போய்வந்த பிறகு, "அடுத்து யாரு?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. யாரும் இல்லை. மைக்செட் மட்டும் மெஷினில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களிடம் ஊசியை நீட்டி, "உன் ராசியான கையால கோத்துக் குடு" என்று வழக்கம்போலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ வரலையா?" என்றார் டாக்டரம்மா.

"எனக்கு ஏது ஜோடி, டாக்டரம்மா?"

"ஏன், நான் இல்லையா?" தோளில் சூட்டு ஒத்தடப் பையோடு உட்கார்ந்திருந்த அண்ணி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

டாக்டரம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். "இத்தனை நாள் இத்தனை வலி கொண்டுவந்தியே. இதுல உன்னோடது எது?"

மைக்செட் வாயைத் திறந்தாள். அந்தக் கேள்வியை அதுவரை அவளிடம் யாரும் கேட்டதில்லை. உருளைக்காரியின் முழங்கால், வண்டிக்காரியின் மூச்சு, அண்ணியின் தோள், எல்லாவற்றுக்கும் அவளிடம் வார்த்தை இருந்தது. தனக்கு மட்டும் ஒரு வார்த்தைகூட வரவில்லை.

"நான் சொல்றேன் டாக்டரம்மா" என்று அண்ணி முன்னால் வந்தாள். கண்ணைச் சுருக்கி, இல்லாத ஊசியை ஒரு கை தூரத்துக்குத் தள்ளிப் பிடித்து, இல்லாத நூலால் காற்றைக் குத்திக் குத்தி நடித்தாள். மைக்செட்டையே பார்த்ததுபோல் இருந்தது.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, "நீங்க உக்காருங்க. அவளே சொல்லட்டும்" என்றார். பேனாவைக்கூட எடுக்காமல் காத்திருந்தார்.

வெளியே உருளை மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது.

"கண்ணு, டாக்டரம்மா" என்றாள் மைக்செட், தன் குரல் தனக்கே கேட்காத அளவுக்கு மெதுவாக. "வெள்ளைத் துணியில வெள்ளை நூல். கொஞ்ச நாளா ஊசி கண்ணுல படலை."

"வா, பக்கத்துல வா" என்று டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டார். "பாக்கறேன்."